கூடை பின்னுவது வைத்தியமா?

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். அரசு மனநல மருத்துவமனையில் சேர்த்து ஒரு மாதமாகிறது. போன வாரம் பார்க்கப் போனபோது வயர் கூடை பின்னிக்கொண்டிருந்தான். பி.காம். படித்தவனை இப்படி உட்கார வைத்துவிட்டார்களே! இது வைத்தியமா, இல்லை வேலை வாங்குகிறார்களா?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: வைத்தியம்தான் சகோதரி. காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவற்றை மாத்திரை பெரும்பாலும் அடக்கிவிடும். ஆனால் குளிக்கக்கூட மனம் வராமல், யாரோடும் பேசாமல் சுருண்டு கிடப்பதற்கு மாத்திரை மட்டும் போதாது. அதற்குத்தான் இந்த ஆக்குபேஷனல் தெரபி, அதாவது கைவேலை, அன்றாட வேலைகள் மூலம் தேற்றும் சிகிச்சை.

வயர் கூடைக்கு அடி போடும்போது முடிச்சுகளை எண்ணிக்கொண்டே வர வேண்டும். ஒன்று தப்பினால் கட்டம் கோணிப்போகும்; பிரித்து மறுபடி போட வேண்டும். சிதறிய கவனம் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவரும். நடுவில் வயர் தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம், “அந்தச் சிவப்பைக் கொடுங்க” என்று வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். பேச்சே நின்றுபோனவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது தெரியுமா? மருந்தால் கை நடுங்குகிறவருக்கு ஊசி நூல் சரிப்படாது. தடித்த வயரோ களிமண்ணோ கொடுப்பார்கள். யாருக்கு எது என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

இது புதிதாக வந்ததும் இல்லை. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில், டாக்டர் சாரதா மேனன் பொறுப்பில் இருந்த காலத்திலேயே நோயாளிகள் தொழில் பழக மையம் வந்துவிட்டது.

ஆனால் உங்கள் சந்தேகமும் நியாயமானதே. வார்டு பெருக்க ஆளில்லை என்று நோயாளியைப் பெருக்கச் சொன்னால் அது சிகிச்சை ஆகாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. வேலை செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும். தம்பிக்கு எதற்காக இந்த வேலை, அவருக்கு அது பிடித்திருக்கிறதா என்று சிகிச்சையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். பி.காம். படித்தவர் என்பதையும் சொல்லுங்கள். வயர் வரவு, கூடை விற்பனைக் கணக்கை அவரிடமே ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை போகும்போது, “இதையா செய்கிறாய்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கூடையைக் கையில் வாங்கிப் பாருங்கள். அப்புறம், வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாத்திரைச் சீட்டோடு, தினமும் வீட்டில் என்னென்ன செய்ய வைக்கலாம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலையில் ஈடுபாடு வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.