புதிதாக வாங்கிய ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) காருக்கு ரிமோட், ரிசீவர் (வண்டிக்குள் இருந்து ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி) எல்லாம் எப்படி செட் செய்வது?

1:10 சேசிஸ் (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள அடிச்சட்டம்), மூன்று சேனல் ரிமோட், ஹாபிவிங் 1060 இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 2 செல் லிப்போ பேட்டரி எல்லாம் தனித்தனியாக வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, நிற்கும்போதும் சர்வோ (முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) முனகுகிறது என்கிறீர்கள். பாகம் எதுவும் கெட்டிருக்காது என்றுதான் தோன்றுகிறது. செட்டிங்கை வரிசை மாறாமல் இன்னொரு தடவை முதலிலிருந்து செய்யுங்கள்.

வண்டியை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்து, நாலு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் முதலில் ரிமோட், அப்புறம் வண்டி. அணைக்கும்போது முதலில் வண்டி, கடைசியில் ரிமோட். ரிசீவரில் சேனல் 1-ல் ஸ்டீயரிங் சர்வோ, சேனல் 2-ல் த்ராட்டில் (வேகம்), அதாவது இஎஸ்சியிலிருந்து வரும் மூன்று ஒயர். லிப்போவை ரிசீவரில் நேராகச் செருகிவிடாதீர்கள், ரிசீவருக்கும் சர்வோவுக்கும் வேண்டிய 5 அல்லது 6 வோல்ட்டை இஎஸ்சியே அந்த மூன்று ஒயர் வழியாகத் தருகிறது. பைண்ட் செய்யும் (ரிமோட்டையும் ரிசீவரையும் இணைக்கும்) முறை ரிமோட்டுக்கு ரிமோட் மாறும், கூட வந்த தாளில் இருப்பதைச் செய்தால் போதும், ஒரு நிமிட வேலை.

இப்போது இழுப்புக்கு வருவோம். சர்வோ ஹார்னின் (சர்வோவின் தண்டில் மாட்டியிருக்கும் சின்னக் கை) ஸ்க்ரூவைக் கழற்றி ஹார்னை வெளியே எடுங்கள். ரிமோட்டில் ஸ்டீயரிங் ட்ரிம் (ஓட்டும்போது நடுவை லேசாக நகர்த்துவது), சப்-ட்ரிம் (அதே நடுவை நிரந்தரமாக வைக்கும் செட்டிங்) இரண்டையும் பூஜ்ஜியத்தில் வைத்து வண்டியை ஆன் செய்தால் சர்வோ தானாக நடுவுக்கு வந்து நிற்கும் (ரிசீவரிலிருந்து 1.5 மில்லிசெகண்ட் பல்ஸ் போனால் அதற்கு அதுதான் நடு). அந்த நிலையிலேயே ஹார்னைத் திரும்ப மாட்டுங்கள். தண்டின் பல்லில் உட்காரும்போது கச்சிதமாக நேராக நிற்காது, கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். நேருக்கு மிக அருகில் வரும் பல்லைப் பிடித்து, மிச்சத்தை சப்-ட்ரிம்மில் சரி செய்யுங்கள். கைக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரிம்மை இதற்குச் செலவழிக்க வேண்டாம், அது ஓட்டும்போது தேவைப்படும். இவ்வளவும் செய்த பிறகும் சக்கரம் கோணலாக இருந்தால் ஸ்டீயரிங் ராடின் நீளத்தைத் திருகிச் சரி செய்யுங்கள்.

முனகலுக்குப் பெரும்பாலும் எண்ட் பாயிண்ட்தான் (சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று ரிமோட்டில் வைக்கும் எல்லை) காரணம். சக்கரம் முழுசாகத் திரும்பி சேசிஸில் இடித்த பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருந்தால் சூடாகி கியர் போகும். இரண்டு பக்கமும் தனித்தனியாக, சத்தம் நிற்கும்வரை அளவைக் குறையுங்கள். கையை எடுத்த பிறகும் முனகினால் ராட் எங்காவது இறுக்கமாக இருக்கலாம்.

1060-ல் இஎஸ்சி செட்டிங் சுலபம். ட்ரிகரைத் தொடாமல் ஆன் செய்தால் நடுநிலையை அதுவே பிடித்துக்கொள்ளும். ஃபுடாபா ரிமோட் என்றால் மட்டும் த்ராட்டில் சேனலை ரிவர்ஸில் போட வேண்டும். இஎஸ்சியில் இருக்கும் ஜம்பரை (செட்டிங்கை மாற்ற, இடம் மாற்றிச் செருகும் சின்ன மூடி) மட்டும் தவறாமல் பாருங்கள்! பேட்டரி வகை லிப்போ என்று இருந்தால்தான் செல் ரொம்ப இறங்குவதற்குள் மோட்டாரை நிறுத்தும். நிக்கல் பேட்டரி நிலையில் விட்டுவிட்டால் செல் ரொம்ப இறங்கிய பிறகுதான் நிறுத்தும், பேக் உப்பி வீணாகும்.

யாரும் கேட்காத, ஆனால் நான் எல்லோரிடமும் கட்டாயம் சொல்வது ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங்). சிக்னல் போனால் சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும், அதாவது நீங்கள் முழு வேகத்தில் விட்டிருந்தால் வண்டி முழு வேகத்திலேயே போகும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றாலே நொடிக்கு எட்டு மீட்டர், எதிரில் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். த்ராட்டிலுக்கு நடுநிலையையோ லேசான பிரேக்கையோ ஃபெயில்சேஃபாக வைத்துவிட்டு, சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே கொஞ்சம் த்ராட்டில் கொடுத்தபடி ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் ரிமோட்டை முதலில் அணைக்கலாம். சக்கரம் ஓரிரு நொடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த ரிசீவரோடு தெருவில் ஓட்டாதீர்கள், வேறு வாங்குங்கள்.

ரிசீவர் ஆன்டெனாவை மடக்கி உள்ளே திணிக்க வேண்டாம், வெட்டவும் வேண்டாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் நுனியில் உறை உரித்திருக்கும் அந்த மூன்று சென்டிமீட்டர்தான் ஆன்டெனா. மோட்டார் ஒயரிலிருந்து தள்ளி, குழாயில் செருகி நிமிர்த்தி வையுங்கள். ரேஞ்ச் பார்க்க, காலி மைதானத்தில் வண்டியை நண்பர் கையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லி, நீங்கள் நின்ற இடத்திலிருந்து ஸ்டீயரிங்கை ஆட்டுங்கள். எங்கே திணறுகிறதோ அதில் பாதி தூரத்துக்குள் ஓட்டுங்கள்.