டேட்டாபேஸ் பெருத்தால் என்ன செய்வது? கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகள். கேட்டவர் பெயருக்குப் பதில் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

காரைக்குடி: நகைக்கடன் சீட்டுகள் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பல சர்வர்களுக்குப் பிரித்துவிடலாமா, ஐயா?

வேண்டாம். சீட்டுக்கு அரை கிலோபைட் என்றாலும் மொத்தம் 2 ஜிபிதான். ஒரே சர்வரின் ரேமில் அடங்கிவிடும். நகைப் படங்களையும் அதே அட்டவணையில் அடைத்திருந்தால் முதலில் அவற்றை வெளியே எடுங்கள். வாடிக்கையாளர் எண்ணுக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போலத் தேடலை விரைவாக்கும் பட்டியல்) இருக்கிறதா என்று பாருங்கள். அது கிடக்கட்டும், பேக்கப்பை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தீர்களா?

தேவகோட்டை: எங்களுடையது 10 டிபி வரை வளரும். தினமும் பேக்கப் எடுக்கிறோம்.

எடுப்பது பாதி வேலை. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மீட்டால் 10 டிபி திரும்பி வர ஏறக்குறைய 28 மணி நேரம். அதுவரை கல்லாவில் உட்கார்ந்து என்ன செய்வீர்கள்? மாதவாரியாகப் பார்ட்டிஷன் போடுங்கள், அதாவது ஒரே அட்டவணையை மாதத்துக்கு ஒரு துண்டாகப் பிரியுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மென்பொருளில் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்தே இதற்கு நேரடி வசதி உண்டு. முடிந்த மாதங்களைத் தனியே பத்திரப்படுத்தலாம். நடப்பு மாதத்தை முதலில் மீட்டுக் கடையைத் திறக்கலாம். பழையதை நீக்கும்போதும் கோடி வரிசைகளை ஒவ்வொன்றாக அழிக்காமல் பார்ட்டிஷனையே கழற்றிவிடலாம்.

கானாடுகாத்தான்: மாற்றங்களை உடனுக்குடன் நகலெடுக்கும் ரெப்ளிகா சர்வர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

இங்கே யாராவது அட்டவணையை அழித்தால் ரெப்ளிகாவும் பணிவோடு அழித்துவிடும். பேக்கப் எடுங்கள், மீட்டுப் பாருங்கள்.

பள்ளத்தூர்: 60 லட்சம் வரிசைகள். பிரிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கோட்டையூர்: நகரத்தார் புள்ளிக் கணக்குக்கு (கோயிலுக்கு வரி கட்டும் குடும்பங்களின் கணக்கு) டேட்டாபேஸ் போடுகிறோம். கோயில், ஊர், இனிஷியல், பெயர் நான்கையும் சேர்த்தால், ஒவ்வொருவரையும் தனித்துக் காட்டும் முதன்மைச் சாவி ஆகிவிடாதா?

ஆகாது. பேரனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயரை வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? அப்பாவுக்கும் அவருடைய ஐயா பெயரே என்றால், ஐயாவுக்கும் பேரனுக்கும் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று, ஊரும் கோயிலும் ஒன்று. ஐயா கட்டிய வரி பேரன் கணக்கில் ஏறும்.

கோட்டையூர், மீண்டும்: பிறந்த ஆண்டையும் சேர்த்துவிட்டால்?

பழைய ஏடுகளில் ஆண்டு இல்லாதவர்களுக்கு எதைப் போடுவீர்கள்? தவறான ஆண்டைப் பின்னால் திருத்தினால் சாவி மாறும்; அதைச் சுட்டும் அட்டவணைகள் அத்தனையும் மாறவேண்டும்.

அரியக்குடி: அண்ணன் சொல்வதே சரி. திருமணத்தோடு என் கோயில், இனிஷியல், ஊர் மூன்றும் மாறின. கோட்டையூர்க்காரர் கணக்கில் நான் இரண்டு பேர்.

நன்றி, ஆச்சி. மாறக்கூடிய எதுவும் சாவியில் இருக்கக் கூடாது. வெறும் எண் கொடுங்கள்.

புதுவயல்: யூயுஐடி (ஒன்றைப் போல் இன்னொன்று வராதபடி கணினி உருவாக்கும் நீண்ட அடையாளக் குறி) கொடுக்கலாமா?

கொடுக்கலாம்; ஆனால் நேர வரிசையில் அமையும் 7ஆம் வகை. முழுக்கத் தற்செயலான 4ஆம் வகை, புது வரிசைகளை இண்டெக்ஸ் முழுவதும் சிதறடிக்கும். அட்டவணை ரேமைத் தாண்டியதும் எழுதும் வேகம் படுத்துவிடும். எண்ணே போதும் என்றால் எட்டு பைட் எண். நான்கு பைட் எண் சுமார் 214 கோடியோடு நின்றுவிடும். புள்ளிக் கணக்குக்கு அது தாராளம், பணப் பரிவர்த்தனைக்கு ஆபத்து.

கோட்டையூர், மூன்றாம் முறை: கைப்பேசி எண்ணைச் சேர்த்தால்?

ஆச்சியிடம் கேளுங்கள்.

ஆத்தங்குடி: டைல்ஸ் ஆர்டர்கள் எக்செலில் இருக்கின்றன. எப்போது மாறுவது?

எக்செல் தாள் 10,48,576 வரிசையோடு முடிந்துவிடும். அதுவரை காத்திருக்காதீர்கள். ஒரே ஆர்டரை இரண்டு பேர் திருத்தத் தொடங்கியிருந்தால் இந்த வாரமே மாறுங்கள்.