டீசல் முள் பொய் சொன்னால்: லாரி எலக்ட்ரீஷியனிடம் கேள்வி பதில்

அண்ணே, பழைய 10 டயர் வண்டி. டேங்க் நிரப்பினாலும் முள் காலியிலேயே படுத்துக் கிடக்கிறது. மீட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள் தம்பி. டேங்குக்குள் மிதவை, அதைத் தாங்கும் டேங்க் யூனிட், அங்கிருந்து ஓடும் ஒயர், கடைசியில்தான் மீட்டர். டீசல் ஏற இறங்க யூனிட்டின் மின்தடை மாறும்; அதை முள் காட்டும், அவ்வளவுதான்.

சாவியை அணைத்துவிட்டு டேங்க் மேலே உள்ள கனெக்டரைக் கழற்றுங்கள். சாவி போட்டால் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். மறுபடி அணைத்து, மீட்டருக்குப் போகும் ஒயரைச் சேஸிஸில் பெயின்ட் இல்லாத இரும்போடு சேர்த்துவிட்டு, ஓரிரு விநாடி மட்டும் சாவி போடுங்கள். இப்போது எதிர்க்கோடிக்குப் போக வேண்டும். எந்தக் கோடி எப்போது என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு பக்கமும் போனால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு டேங்கில். அசையவே இல்லையென்றால் ஒயரைப் பாருங்கள், அப்புறம் மீட்டர். கனெக்டரில் மூன்று ஒயர் இருந்தால் ஒன்று எச்சரிக்கை விளக்குக்கு இருக்கலாம். எது எது என்று தெரிந்துகொண்டு தொடுங்கள். டேங்க் வாய்க்குப் பக்கத்தில் தீப்பொறி கூடாது.

டேங்க் யூனிட்டை வெளியே எடுத்தால் மிதவையைக் குலுக்கிப் பாருங்கள். ஓட்டை விழுந்து உள்ளே டீசல் புகுந்திருந்தால் சளசளவென்று சத்தம் வரும். அது மூழ்கிக் கிடக்க, முள்ளும் காலியில் கிடக்கும்.

எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, பெயின்ட் அடித்து வந்ததிலிருந்து முள் துள்ளுகிறது.

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. டேங்க் ரப்பர் பட்டை மேல் உட்கார்ந்திருப்பதால் எர்த்துக்கு, அதாவது மின்சாரம் சேஸிஸ் வழியாகத் திரும்பிப் போக, தனி ஒயர் வைத்திருப்பார்கள். அந்த போல்ட்டின் அடியிலும் பெயின்ட் போயிருக்கும். கழற்றி, உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் இதே கோளாறுக்கு ஒருவருக்குப் புது மீட்டர் மாட்டிக் காசும் வாங்கினேன். மறுநாளே வண்டி திரும்பி வந்தது. அன்றிலிருந்து முதலில் எர்த்தைத்தான் பார்க்கிறேன்.

டீசல் முள், இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் இரண்டும் ஒரே நாளில் தப்பாகக் காட்டத் தொடங்கின.

அப்படியானால் டேங்கை விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், டாஷ்போர்டு எர்த், பழைய வண்டியென்றால் மீட்டருக்கு மின்னழுத்தம் சீராக்கும் பெட்டி, இதில் ஒன்றுதான்.

தொப்பூர் இறக்கத்தில் முள் மாறுகிறது, சமதளத்தில் சரியாகிவிடுகிறது.

டீசல் ஒரு பக்கம் சாய்கிறது. கோளாறு இல்லை.

கால் டேங்க் காட்டும்போது 300 லிட்டர் டேங்கில் 75 இருக்க வேண்டாமா? குறைகிறது என்று ஓனர் என்னைச் சந்தேகப்படுகிறார்.

இதை அவருக்கே காட்டுங்கள். உங்களுடையது படுக்கை வாக்கில் கிடக்கும் உருளை டேங்க் என்றால் உயரமும் லிட்டரும் ஒரே கணக்கில் போகாது. பாதி உயரத்தில் சரியாகப் பாதி இருக்கும். கால் உயரத்தில் கொள்ளளவில் 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது 59 லிட்டர்போல. மிதவைக்கு உயரம்தான் தெரியும். அந்த 16 லிட்டர் யார் கையிலும் போகவில்லை, டேங்கின் வடிவத்தில் இருக்கிறது. பெட்டி மாதிரி டேங்க் என்றால் இந்தச் சாக்கு செல்லாது. எப்படியானாலும் முள்ளை வைத்து மைலேஜ் போடுவது தப்பு. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, பிடித்த லிட்டரால் கிலோமீட்டரை வகுக்கச் சொல்லுங்கள்.

புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டியிலும் ஒயரை எர்த்தில் தொட்டுப் பார்க்கலாமா?

கூடாது. பல வண்டிகளில் அந்த ஒயர் நேராகக் கணினிக்குப் போகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் யூரியா கரைசலின் டேங்குக்குத் தனி மீட்டர் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் நிறைய.

சரி செய்யும் வரை என்ன செய்வது?

பழைய வழிதான், குச்சி. மண் ஒட்டாத சுத்தமான குச்சியை விட்டு அளந்துவிட்டுக் கிளம்புங்கள். வற்ற ஓட்டினால் லைனில் காற்றுப் பிடிக்கும். அப்புறம் நடு ரோட்டில் கை பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.