மண்குதிரைக்கு இரண்டு நிமிடம்

வணக்கம் சார்,

நான் சென்னையில் விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் காரைக்குடி பக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக ஒரு 2டி அனிமேஷன் குறும்படம் செய்கிறோம். எங்கள் ஊர் அய்யனார் கோயில் மண்குதிரை ஒன்று இரவில் உயிர் பெற்று, தண்ணீர் குடிக்கக் கண்மாய்க்குள் இறங்குகிறது. கண்மாய் வற்றிக் கிடக்கிறது. குதிரை தண்ணீர் தேடிச் சென்னை வரைக்கும் வருகிறது, தண்ணீர் லாரிகளைப் பார்க்கிறது, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமியிடம் பேசுகிறது, கடைசியில் மழையோடு ஊர் திரும்புகிறது. பத்து நிமிடப் படமாகத் திட்டமிட்டோம்.

கேரக்டர் டிசைனிலேயே இரண்டு மாதம் போய்விட்டது. மார்ச்சில் படத்தைக் கொடுக்க வேண்டும், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. எங்கள் கைடு மூன்று நிமிடத்துக்குக் குறைக்கச் சொல்கிறார். குறைத்தால் கதையே போய்விடும் என்று தோன்றுகிறது. எங்களுக்குள் இதில் தினமும் சண்டை. என்ன செய்யலாம்? சாதாரண லேப்டாப்தான் இருக்கிறது. எந்த மென்பொருளில் செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கைடு சொல்வது சரி. நான் இன்னும் ஒரு நிமிடம் குறைக்கச் சொல்வேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், ‘ஆன் டூஸ்’ என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் நொடிக்கு 12 ஓவியம், நிமிடத்துக்கு 720, பத்து நிமிடத்துக்கு 7,200. அதுவும் திரையில் ஒரே ஒரு பாத்திரம் இருந்தால். ஒவ்வொன்றிலும் ரஃப் (முதல் கிறுக்கல்), க்ளீனப் (கோட்டைச் சுத்தமாக்குவது), வண்ணம் என்று மூன்று முறை கை பட வேண்டும். கல்லூரிக்கும் போய்க்கொண்டு ஒருவர் நாளைக்குப் பத்து ஓவியம் முழுசாக முடித்தால் அதுவே நல்ல வேகம். அந்த வேகத்தில் மூன்று பேருக்கும் 240 நாள் ஆகும். உங்களிடம் இருப்பது 150. இரண்டு நிமிடம் என்றால் 1,440 ஓவியம், 48 நாள். மீதி நூறு நாளில் அனிமேட்டிக் (கிறுக்கல் ஓவியங்களை நேரக்கணக்கோடு வரிசையாக ஓட்டிப் பார்க்கும் மாதிரிப் படம்), பின்னணி ஓவியங்கள், ஒலி, எடிட்டிங், பிடிக்காத ஷாட்டைத் திரும்ப வரைவது, நடுவில் வரும் செமஸ்டர் தேர்வு எல்லாம் அடங்கிவிடும்.

அசையாத ஷாட்களை வைத்து ஓவியங்களைக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். குறைக்கலாம். 1963இல் காமிக்ஸ் கலைஞர் ஒசாமு தெசூகா ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வாராவாரம் ஒரு அனிமேஷன் தொடரைக் கொடுத்தது இப்படிச் சிக்கனம் பிடித்துத்தான். ஆனால் அவர் பின்னால் ஒரு ஸ்டுடியோவே இருந்தது. நீங்கள் மூன்று பேர்.

மாணவர் படம் கைமீறிப் போன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது நிக் பார்க்கின் கதை. இங்கிலாந்தின் தேசியத் திரைப்படப் பள்ளியில் 1982இல் படிப்பை முடிப்பதற்கான படமாகத்தான் ‘எ கிராண்ட் டே அவுட்’டைத் தொடங்கினார். பாலாடைக்கட்டி எடுத்துவர நிலவுக்குப் போகும் ஒருவரும் அவர் நாயும். களிமண் பொம்மைகளை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படம் பிடிக்கும் வேலை. படிப்புக் காலம் முடிந்தது, படம் முடியவில்லை. 1985இல் ஆர்ட்மன் ஸ்டுடியோவில் சேர்ந்து, அங்கே வேலை பார்த்துக்கொண்டே தொடர்ந்து, 1989இல்தான் முடித்தார். படத்தின் நீளம் 23 நிமிடம். அவருடைய பொறுமைக்குத் தலை வணங்கலாம். ஆனால் நடுவில் வந்து தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்டுடியோ எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பாதி வரைந்த அருமையான படங்கள் ஹார்ட் டிஸ்க்குகளிலேயே தங்கிவிடுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அந்தப் படத்தில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. க்ரோமிட் என்ற அந்த நாய்க்கு முதலில் பேச்சு இருந்தது. படம் பிடிக்கத் தொடங்கியதும், புருவத்தை மட்டும் நகர்த்தினாலே நாய் நினைப்பதெல்லாம் தெரிகிறது என்று பார்க் கண்டார். வாயையும் குரலையும் விட்டுவிட்டார். உலகத்தில் இத்தனை பேருக்கு அந்த நாயைப் பிடித்துப்போனதற்கு அந்த வாயில்லாத முகம் முக்கியக் காரணம் என்பேன். உங்கள் குதிரை சிறுமியிடம் பேச வேண்டாம். வாயசைவைக் குரலோடு பொருத்தும் லிப் சிங்க் வேலை போகும், சிறுமி போவாள், அடுக்குமாடியும் லாரிகளும் சென்னையும் போகும்.

மிஞ்சுவது கோயில், கரை, வற்றிய கண்மாய், ஒரு குதிரை. கதையே போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். என் கண்ணுக்குக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் குதிரையை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அது உயிர் பெற்றதும் உங்கள் மனதில் சாதாரணக் குதிரையாகிவிடுகிறது, அதனால்தான் அதால் சென்னை வரை ஓட முடிகிறது. அது சுட்ட மண். உங்கள் பக்கத்தில் மண்பாண்டம் செய்யும் வேளார்கள், அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்குக் குதிரை செய்வதைப் போய்ப் பாருங்கள். கால்களைக் குழாய் குழாயாகத் தனியே செய்து, அவற்றின்மேல் உடலை எழுப்புவார்கள். உள்ளே முழுக்க வெற்றிடம். அந்தக் காலில் முட்டி கிடையாது, மடக்க முடியாது. எட்வர்ட் மைப்ரிட்ஜ் 1878இல் குதிரையின் அசைவைப் படிப்படியாக எடுத்த புகைப்படங்களை வைத்து வாக் சைக்கிள் (திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுற்று நடை) பழகியிருப்பீர்கள். அந்தப் பாடம் இங்கே உதவாது. இந்தக் குதிரை எப்படி நடக்கும்? கனமான பீரோவை ஒரே ஆளாக நகர்த்தும்போது ஒரு மூலையை முன்னால் தள்ளி, அப்புறம் அடுத்த மூலையைத் தள்ளுவோமே, அப்படித்தான் நடக்கும். ஒவ்வொரு அடிக்கும் உடல் முழுவதும் ஒருபக்கம் சாய்ந்து எழும். வரைவதற்கும் இது எளிது, உண்மையான குதிரை நடையில் பாதி உழைப்புகூட ஆகாது. பார்ப்பவர்களுக்கோ, ‘இது மண்’ என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும்.

சரி, அப்படி நடந்து கண்மாய்க்கு நடுவே வந்து நிற்கிறது. அடியில் எங்கோ ஒரு குழியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதென்றே வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க வேண்டுமானால் கழுத்தைக் குனிய வேண்டும். மண் கழுத்து குனியாது, குனிந்தால் விரியும். குதிரை செய்த மண்ணும் அந்தக் கண்மாய் போன்ற ஒரு கண்மாயில் வெட்டியதுதான். தரையில் பாளம் பாளமாக ஓடும் வெடிப்பும் குதிரையின் கழுத்தில் ஓடப்போகும் வெடிப்பும் ஒரே கோடாக இருக்க முடியும். குனிகிறதா, இல்லையா? உங்கள் படத்துக்கு இந்தக் கேள்வி ஒன்று போதும். விடையை நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் மூவரின் வேலை. கோயிலுக்குப் பின்னால் கழுத்து உடைந்து நிற்கும் பழைய குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிமிடத்தில் கதை சொல்ல முடியுமா என்ற சந்தேகம் பிக்சார் ஸ்டுடியோவின் ஜான் லாசெட்டருக்கும் வந்திருக்கிறது. 1986இல் வெளியான ‘லக்ஸோ ஜூனியர்’ என்ற மேசை விளக்குப் படத்துக்கான ஆரம்பச் சோதனைகளை அவர் பிரஸ்ஸல்ஸில் காட்டியபோது, எவ்வளவு சிறிய படமானாலும் தொடக்கம், நடு, முடிவு வேண்டும் என்றார் பெல்ஜிய அனிமேஷன் கலைஞர் ராவுல் செர்வே. கதைக்கு நேரம் போதாதே என்று லாசெட்டர் சொல்ல, பத்து நொடியில்கூடக் கதை சொல்லலாம் என்று செர்வே பதில் சொன்னார். அந்தப் படத்தில் கேமரா நகராது, பின்னணி கிடையாது, விளக்குக்கு முகமும் கிடையாது. நேரமும் கணினியின் சக்தியும் குறைவு, அதனால் இருந்ததை வைத்துச் செய்தார்கள். பெற்ற விளக்கு எது, குட்டி விளக்கு எது என்று யாரும் சொல்லாமலே நமக்குப் புரிகிறது.

இனி உடனே செய்ய வேண்டியது அனிமேட்டிக். கேரக்டர் டிசைனை இன்றோடு மூடி வையுங்கள். பதினைந்து, இருபது ஷாட் போதும். ஒவ்வொன்றையும் சின்னத் தாளில் கிறுக்கி, போனில் படம் எடுத்து, எடிட்டிங்கில் வரிசையாகப் போட்டு நேரம் கொடுங்கள். தற்காலிக ஒலியையும் சேருங்கள். பிறகு கதை தெரியாத ஒருவருக்கு, வாயைத் திறக்காமல், போட்டுக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத இடத்தில் விளக்கம் சொல்லாதீர்கள், ஷாட்டை மாற்றுங்கள். இதற்கு மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும். அனிமேட்டிக்கில் ஒரு ஷாட்டைத் தூக்க ஒரு நொடி போதும். ஐந்து நொடி ஷாட்டை வரைந்து முடித்த பிறகு தூக்கினால் அறுபது ஓவியம், ஒருவரின் ஆறு நாள் உழைப்பு போகும். உங்கள் மூவரின் சண்டையையும் அனிமேட்டிக்கின் முன்னால் உட்கார்ந்து போடுங்கள். கதையை வாயால் சொல்லும்போது ஒவ்வொருவர் மனதிலும் ஒரு படம் ஓடுகிறது. திரையில் ஓடும்போது மூவருக்கும் ஒரே படம்தான்.

ஒலியைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்காதீர்கள், மாணவர் படங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. குதிரையின் அடிச் சத்தத்துக்கு வெவ்வேறு அளவில் மண்பானைகளை வாங்கித் தட்டிப் பதிவு செய்யுங்கள். உடலுக்குள் வெற்றிடம் என்பதால் ஒவ்வொரு அடியும் உள்ளே எதிரொலிக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது கண்மாய்க் கரையில் இரவுச் சத்தத்தைப் பதிவு செய்துவாருங்கள். தவளைச் சத்தம் வேண்டாம், வற்றிய கண்மாயில் தவளை கத்தாது. இணையத்தில் ‘கிராமத்து இரவு’ என்று கிடைக்கும் ஒலியைப் போட்டால் அதில் தவளை இருக்கும், உங்கள் ஊர்க்காரர் யாரும் நம்ப மாட்டார்கள். சினிமாப் பாட்டை ஒரு வரிகூட வைக்காதீர்கள். உரிமை வாங்காத இசை இருந்தால் படத்தை விழாக்களுக்கு அனுப்ப முடியாது.

மென்பொருள் பற்றிக் கேட்டீர்கள். க்ரிட்டா, ஓப்பன்டூன்ஸ், ப்ளெண்டர் மூன்றும் இலவசம். ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள்தான் 2016இல் ஓப்பன்டூன்ஸ் என்று எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படமான ‘ஃப்ளோ’ முழுக்க ப்ளெண்டரில் செய்தது, அதிலும் வசனம் கிடையாது. உங்களுக்குக் க்ரிட்டா போதும். லேப்டாப்பின் ராம் தாங்காது என்பதால் ஷாட்டுக்கு ஒரு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள், 4கே வேண்டாம், 1920 x 1080 போதும். தினமும் இரவு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள், அதை மூவரில் ஒருவர் பொறுப்பாகவே வைத்துக்கொள்ளட்டும். வரையத் தொடங்கும்போது முதல் ஷாட்டிலிருந்து தொடங்காமல், பல ஷாட்களில் திரும்ப வரும் அந்த நடையை முதலில் முடியுங்கள். கழுத்து குனியும் ஷாட்டைக் கை நன்றாகப் பழகிய பிறகு, ஜனவரிக்குள் வரைந்துவிடுங்கள்.

அனிமேட்டிக் தயாரானதும் அனுப்பி வையுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் நண்பர்கள் இருவருக்கும் என் அன்பு.