மலைமேல் சிக்னல் கோடு நிறைய, போன் அழைப்பு மட்டும் போகவில்லை
மலையில் கோடு நிறையக் காட்டியும் அழைப்பு போவதில்லை, டவர் 42 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, யாகி ஆண்டெனா (ஒரே திசையை நோக்கி வைக்கும் ஆண்டெனா) வைத்தால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். வைத்தாலும் அந்த டவரோடு உங்கள் 2ஜி போன் பேசாது. 42 கிலோமீட்டர் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். சாதாரண ஜிஎஸ்எம் (2ஜி) டவர், அலை வந்துசேர ஆகும் தாமதத்தைச் சுமார் 35 கிலோமீட்டர் வரைதான் ஈடுசெய்யும். அதைத் தாண்டினால் உங்கள் போன் அனுப்புவது பிந்திப்போய் அடுத்தவர் போனுக்கு ஒதுக்கிய நேரத்துண்டில் இடிக்கும். சமவெளியிலிருந்து அலை தடையில்லாமல் மலைக்கு வருவதால் கோடு நிறையக் காட்டும், நம்பாதீர்கள்.

முதலில் வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்து பாருங்கள், சாலைக் கணக்கு வேண்டாம். 35க்குள் வந்தால் கதை வேறு: டவர் பேசுவது போனுக்குக் கேட்கிறது, போன் பேசுவது டவருக்குக் கேட்கவில்லை. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கைபேசி அனுப்பும் திறன் உச்சமே 2 வாட்தான். அப்போது ஆண்டெனா உதவும்.

சரி, தாண்டிவிட்டதா? பக்கத்தில் வேறு நிறுவனத்தின் டவர் இருக்கிறதா என்று போனில் தேடுங்கள்.

கடையில் விற்கும் பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) மட்டும் வேண்டாம். இந்தியாவில் உரிமமில்லாமல் வைப்பது சட்டவிரோதம்.