எச்டிசிபி பூட்டும் திறந்த வன்பொருளும்: வாசகர் கேள்விகள்

ஸ்ட்ரீமிங் பெட்டியைப் பழைய மானிட்டரில் செருகினேன். மெனு தெரிகிறது, படத்தை ஓட்டினால் திரை கறுத்துவிடுகிறது. கேபிள் போய்விட்டதா?

மெனு வருகிறதே, கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. படம் தொடங்கும்போதுதான் பெட்டி எச்டிசிபி கேட்கிறது; கேபிளில் போகும் காட்சியை நகலெடுக்க முடியாதபடி குறியாக்கும் பூட்டு அது. மானிட்டரிடமிருந்து சரியான பதில் வராவிட்டால் காட்சியை நிறுத்திவிடும். 4கே படங்களுக்குப் பெரும்பாலும் எச்டிசிபி 2.2 வேண்டும். நடுவில் ரிசீவரோ ஸ்ப்ளிட்டரோ இருந்தால் அதற்கும் வேண்டும். அதைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள். அப்புறமும் வராவிட்டால் பெட்டியின் அமைப்பில் 1080பிக்குக் குறைத்துப் பாருங்கள்.

எச்டிஎம்ஐ உள்ளீட்டுடன் ஒரு எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) போர்டு வடிவமைக்கிறேன். எல்லாக் கோப்புகளையும் வெளியிடுவேன். எச்டிசிபி சேர்க்கலாமா?

முறைப்படி சேர்க்க உரிமம் வாங்க வேண்டும். சாவிகளை யாரும் எடுக்க முடியாதபடி சாதனத்தைக் கட்டவேண்டும் என்பது அதன் நிபந்தனை. எல்லோரும் பார்க்கவும் மாற்றவும் போடும் வடிவமைப்புக்கு இது நேர் எதிர்.

இத்தனை கெடுபிடியும் பூட்டைக் காப்பாற்றவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். பழைய 1.x வகையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் 56 பிட் நீளத்தில் 40 சாவிகள். சுமார் 40 சாதனங்களின் சாவிகள் கிடைத்தால், எல்லாச் சாவிகளையும் உருவாக்கும் மூலச் சாவியையே கணக்கிட்டுவிடலாம் என்று 2001இலேயே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 2010 செப்டம்பரில் மூலச் சாவி வெளியே வந்தது. உண்மைதான் என்று எச்டிசிபியை உருவாக்கிய இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆனாலும் கசிந்த சாவியைப் போர்டில் வைத்து விற்காதீர்கள். பல நாடுகளில் பூட்டை உடைக்கும் கருவியே சட்டவிரோதம்.

2011இல் வன்பொருள் வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ ஹுவாங் உருவாக்கிய நெட்டிவி, டிவியில் ஓடும் படத்தின் மேல் எழுத்துகளைக் காட்டும் சாதனம். அது வேறு வழியில் போனது. வரும் படத்தை அது திறக்கவே இல்லை. தான் மேலே காட்டவேண்டிய எழுத்துகளை அதே முறையில் பூட்டி, அந்தந்த இடத்துப் பிக்சல்களுக்குப் பதிலாக வைத்தது. அருமையான யோசனை!

உங்களுக்குக் கேமரா, கணினித் திரை போதுமென்றால் எச்டிசிபி கேட்கும் முகவரிக்குப் போர்டு பதிலே தரவேண்டாம். பூட்டில்லாத காட்சி அப்படியே வரும். பூட்டிய படங்கள் ஓடாது என்பதைக் கையேட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

லினக்ஸில் எச்டிசிபி உண்டா?

உண்டு, 2018இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.17இலிருந்து. பிரவுசரில் படம் தெளிவில்லாமல் வருவது பெரும்பாலும் வைட்வைன் என்ற இன்னொரு பூட்டால். அதற்கு இது மருந்தாகாது.

எச்டிஎம்ஐக்குப் பதில் டிஸ்ப்ளேபோர்ட் இணைப்புக்கு மாறினால் தொல்லை தீருமா?

எச்டிசிபி அங்கேயும் இருக்கிறது. ஆனால் ஏஎம்டி கார்டில் லினக்ஸ் ஓட்டுபவருக்கு டிஸ்ப்ளேபோர்ட்டையே சொல்வேன். எச்டிஎம்ஐ 2.1க்கு ஏஎம்டி எழுதிய திறந்த மூல டிரைவரை 2024இல் அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதிக்கவில்லை.

பிளேஸ்டேஷன் 5 விளையாட்டைப் பதிவு செய்யக் கேப்சர் கார்டு மறுக்கிறது.

கன்சோலின் எச்டிஎம்ஐ அமைப்பில் எச்டிசிபியை அணைத்துவிடுங்கள். விளையாட்டு பதிவாகும், படம் காட்டும் சில செயலிகள் மட்டும் அதை மீண்டும் போடும்வரை திறக்காது.