புழுக்கத்தில் பேச்சு தடுமாறினால்

மறதி நோய் ஒரு மதியத்தில் வந்து அன்று மாலையே போய்விடுகிற நோயில்லை. ஆகவே, உங்கள் பாட்டிக்கு வந்தது அம்மாவுக்கும் வந்துவிட்டதோ என்று கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் அச்சத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முக்கூடல் பக்கத்துக் கிராமத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பீடி சுற்றிக்கொண்டிருந்த 61 வயதான உங்கள் அம்மா, பிற்பகல் 3 மணிக்கு 25 பீடியை எண்ணிக் கட்டத் தெரியாமல் ஒரே கட்டை மூன்று முறை பிரித்துப் பிரித்து எண்ணியிருக்கிறார். மகளாகிய உங்களை, இறந்துபோன தம் தங்கையின் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய மூளை தடுமாறியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். வேர்க்குரு, மஞ்சள் சிறுநீர், உடம்புச் சூடு, ஐஸ் தண்ணீர் என்று மூன்று பக்கம் எழுதிய நீங்கள் இதைக் கடைசியில் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். நான் அந்த இரண்டு வரிக்குத்தான் பதில் எழுதப் போகிறேன்.

கோடையில் களைப்பும் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் யாருக்கும் வரும். நிழலில் உட்கார்ந்து மோரோ நீராகாரமோ குடித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தப்புவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, நடை தள்ளாடுவது, வலிப்பு வருவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், வெப்பம் மூளையைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை பாதிக்கப்படும் நிலையைத்தான் ஹீட் ஸ்ட்ரோக், அதாவது வெப்பவாதம் என்கிறோம். உங்கள் அம்மா குளிர்விக்கப்படாமலே தெளிந்துவிட்டதால், அன்று அவர் அந்த எல்லைக்கு இப்பால் தப்பியிருக்கலாம்.

“உடம்பு வேர்த்துக்கொண்டுதானே இருந்தது, வெயில் தாக்கியிருக்காது” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது தவறு. மண்பானைத் தண்ணீர் குளிர்வது பானை நனைந்திருப்பதால் மட்டுமன்று, கசிகிற ஈரம் காற்றில் உலர்வதால்தான். உடம்பும் அப்படியே, சொட்டிக் கீழே விழுகிற வியர்வை உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துப் போவதில்லை. நனைத்த பீடி இலையை ஈரச் சாக்கில் மூடி வைத்த அறையில், புகையிலைத் தூள் பறக்கும் என்று காற்றாடியையும் நிறுத்திவிட்டால், வியர்வை ஊறிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. ஆகவே வெயிலில் ஓர் அடி எடுத்து வைக்காதவருக்கும் வெப்பவாதம் வரலாம்.

இனி நான் கொஞ்சம் கடிந்து பேச வேண்டியிருக்கிறது. வேர்க்குரு அரிப்புக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய, தூக்கம் வரவைக்கும் மாத்திரையை, ஒரு நாளைக்கு மூன்று வேளையாகப் பத்து நாள் கொடுத்திருக்கிறீர்கள். அவ்வகைப் பழைய அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். வயதானவர்களின் மூளையைக் குழப்பவும் செய்யும். வேர்க்குரு யார் உயிரையும் எடுத்ததில்லை, அதற்கு வாங்கிய மாத்திரை அன்றைய குழப்பத்தில் பங்கு வகித்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்றே நிறுத்துங்கள். முட்டி வலிக்காகத் தாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரையையும் விட வேண்டும். நீர் வற்றிய உடம்பில், இரத்த அழுத்தத்துக்காக அவர் சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரையோடு அது சேரும்போது சிறுநீரகம் கெடும். அதற்காக, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கு வரும் அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நீங்களே நிறுத்திவிடக் கூடாது. கோடைக்கு அளவை மாற்றுவது அவரைப் பார்க்கும் மருத்துவரின் வேலை.

மறுபடியும் அப்படித் தடுமாறினால், முதலில் குளிர்வித்தல், பிறகுதான் பயணம். 108-க்கு அழைத்துவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, சேலையைத் தளர்த்தி, தலையிலிருந்து கால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். தொட்டித் தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ எதுவானாலும் சரி. கூடவே காற்றாடியை வேகமாகச் சுழல விடுங்கள், ஐஸ் கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது. அன்று பாரசிட்டமால் கொடுத்தது வீண். கிருமியால் வரும் காய்ச்சலைத்தான் அது இறக்கும், இந்தச் சூட்டை இறக்காது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பதால், தண்ணீர் ஊற்றும்போதே சர்க்கரையையும் பாருங்கள், ஏனெனில் தாழ்சர்க்கரையும் இதே வேடத்தில் வரும். வாய் கோணி, ஒரு கை விழுந்தால் அது பக்கவாதம். அங்கே ஒரு நிமிடத்தையும் வீணாக்கக் கூடாது.

மற்றவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஸ் தண்ணீர் குடித்தால் தலை நரம்பு வெடிக்கும் என்ற வாட்ஸ்ஆப் செய்தியை அழித்துவிடுங்கள். சிறுநீர் மஞ்சளானால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்றுதான் பொருள். எரிச்சலோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வேர்க்குருவுக்குப் பருத்திச் சேலையும் இரண்டு வேளைக் குளியலும் கலாமைன் லோஷனும் போதும். நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம், பதநீரில் சர்க்கரை இருப்பதால் அவருக்கு அது வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பு இருப்பதால், அழுத்தம் உள்ளவர் அதைத் தாகத்துக்குத் தினமும் குடிக்கக் கூடாது.

ஆயிரம் பீடி சுற்றினால்தான் கூலி என்பது எனக்குத் தெரியும். வேலையை விடச் சொல்லவில்லை. அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் ஒரு பாதி, மாலை 4 மணிக்கு மேல் மறு பாதி என்று பிரித்துக்கொண்டு, திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ உட்காரட்டும். மேசைக் காற்றாடியை முன்னால் வைத்தால்தான் தூள் பறக்கும். அவர் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக, மெல்லச் சுழலும்படி வைத்து, முதுகில் ஈரத்துண்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும்; இடையிடையே குடித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரத்துக்குள் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போய், இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரையால் சோடியம் இறங்கினாலும் புத்தி தடுமாறும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், திட்டு விழும் என்று அந்த அரிப்பு மாத்திரையை மட்டும் வீட்டிலேயே ஒளித்து வைத்துவிடாதீர்கள்.